அப்பா மடியில் யார் பிள்ளை?

சமயநல்லூர்ச் சின்னானின் மகள் கனகா, ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியில் வீடியோ எடுக்கவும் எடிட்டிங் செய்யவும் கற்றுக்கொள்ளப் போனது நமக்குத் தெரியும். அதை அவள் அம்மா பாண்டியம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை என்பதும் தெரியும். போன வாரம் ராஜகுரு சார் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உண்மையாக நடந்த ஒரு விசேஷத்தின் டேப்பைக் கொண்டுவந்து, பத்து நிமிஷப் படமாக வெட்டிக் கோத்துக் காட்ட வேண்டும். டேப்புக்கு எங்கே போவது என்று கனகா தவித்தபோது, "எங்கிட்ட ஒண்ணு இருக்குடி, ஒரு காதுகுத்து" என்றாள் தோழி ரம்யாஸ்ரீ. கனகாவுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்தான் நீடித்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சட்டையில் ஆரம்பித்தது.

"இங்க கொஞ்சம் வாங்க" என்றாள் பாண்டியம்மாள், துவைக்கிற கல்லருகே நின்றுகொண்டு. அவள் கையில் சின்னானின் வெள்ளைச் சட்டை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இது என்ன தோள்பட்டையில, சந்தனம்?"

சின்னான் மின்வாரியத்தில் லைன்மேன். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தவர் கொல்லை வாசலில் நின்றுவிட்டார்.

"போன ஞாயித்துக்கெழம போட்டது. வழியில ஒரு கோயில்ல குடுத்தாங்க."

"கோயில்ல குடுத்தா நெத்தியில பூசுவாக. தோள்லயா பூசுவாக? அன்னைக்கு லைன் அறுந்துபோச்சு, வேலைக்குப் போறேன்னுதான போனீங்க? கம்பத்துல ஏறப் போற ஆளுக்கு வெள்ளச் சட்ட எதுக்கு?"

உள்ளேயிருந்து விக்ரம் குரல் கொடுத்தான். கனகாவின் அண்ணன். செல்போன் கடையில் வேலை, எந்நேரமும் கேலி.

"கரண்டு கம்பத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்திருக்கும்மா! அப்பாதான் தலைமை."

"நீ வாய மூடுறா" என்றாள் பாண்டியம்மாள். ஆனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சின்னானும் சிரித்தார். தேவைக்கு மேலேயே சிரித்தார். சிரித்த வேகத்தில் காபியைக் குடிக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கனகா அதை அப்போது கவனிக்கவில்லை. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"ஏன்டி, இன்னைக்கு என்ன, யாரு வீட்டுக் கல்யாணத்த வெட்டப் போற?"

"கல்யாணமில்லம்மா. காதுகுத்து."

"படிச்சுக் கிழிச்சது போதாதுன்னு ஊரான் வீட்டுக் காத வேற கிழிக்கப் போறாளாம்" என்றாள் பாண்டியம்மாள், தூக்குச்சட்டியில் புளிச்சோற்றை அமுக்கி வைத்தபடி. திட்டினாலும் மகளுக்குச் சோறு கட்டாமல் அனுப்பியதில்லை அவள்.

கல்லூரியில் எடிட்டிங் லேப்புக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று ராஜகுரு சார் வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏசிக் குளிர் பாதத்தில் ஏறும்.

ரம்யாஸ்ரீ முன்னாலேயே வந்து கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்திருந்தாள். பழங்காநத்தத்துப் பெண். சௌராஷ்டிரக் குடும்பம். அவளுடைய அண்ணன் வெங்கடேஷ்பாபு அங்கேயே ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். லீவு நாட்களில் இரண்டாவது கேமராவைப் பிடிக்கத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவார். இந்த டேப்பும் அப்படி அவள் பிடித்ததுதான்.

"எங்கடி எடுத்தது?"

"சோழவந்தான் பக்கம், ஒரு அய்யனார் கோயில். பார்ட்டி எங்க ஏரியாதான். டெய்லர் கடைக்காரர். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த பொண்ணாம். அந்தம்மா பிள்ளையக் கீழேயே விடல, பாரு."

டேப்பில் இருப்பது கம்ப்யூட்டருக்குள் ஏற, அது முழுதாக ஒரு தடவை ஓடியாக வேண்டும். அவசரப்படுத்த முடியாது. இருவரும் ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வேப்பமரம். மூன்று கல்லில் பொங்கல் பானை. மொட்டையடிக்கும்போது பிள்ளை வீறிட்டு அழுதது. மொட்டைத் தலையில் கை கையாகச் சந்தனத்தை அப்பினார்கள்.

"நல்லா எடுத்திருக்கியேடி" என்றாள் கனகா.

"இரு, இனிமேதான் சொதப்பல்" என்று ரம்யாஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

படம் தடுமாறியது. தரை தெரிந்தது. யாருடைய காலோ தெரிந்தது. பிறகு எதன்மேலோ வைத்ததுபோல ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. சாய்ந்த படத்தில் ஒரு கோரைப்பாய். பாயில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சம்மணம் போட்டு உட்கார, ஒரு பெண் குனிந்து பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். பிள்ளை பயந்துபோய்ச் சந்தனத் தலையை அவர் தோளில் புதைத்துக்கொண்டது.

அவர் நிமிர்ந்தார்.

கனகாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தெரிந்த முகம் தெரியாத இடத்தில் இருந்தால் மனசு அதை ஏற்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றுதான் நினைத்தாள்.

பிறகு திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

அது அப்பா.

"தாய்மாமன் பேரு என்னங்கய்யா?" என்று ஊசியும் கையுமாக இருந்த ஆசாரி கேட்டார்.

"சின்னான்" என்றது அப்பாவின் குரல். கனகாவின் ஒரு காதுக்குள், மிகப் பக்கத்தில்.

"அண்ணே" என்றாள் அந்தப் பெண். "வரமாட்டேன்னு நெனச்சேண்ணே. மடியில்லாமப் போயிருமோ எம்பிள்ளைக்குன்னு..."

அவளால் முடிக்க முடியவில்லை. அப்பா பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. கனகாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை.

தாய்மாமன் என்றால் தாயின் அண்ணன் தம்பி. அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. சீனியம்மாள் என்று பெயர். அந்த அத்தையைக் கனகா பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. கனகா பிறப்பதற்கு முன்பே வரப்பில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள் என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"தாய்மாமன் சீர்த் தட்ட முன்னால கொண்டாங்கப்பா" என்று படத்துக்கு வெளியே யாரோ சத்தம் போட்டார்கள். அதற்குமேல் ஒரு கிழவரின் குரல்: "சீனியம்மா, பிள்ளை கையப் பிடிச்சுக்க."

கனகா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நழுவிக் கீழே விழுந்தது.

"என்னடி ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு? ஏசியில உக்காந்துக்கிட்டு!"

"இது... இத ஏன் இப்படி எடுத்த?"

ரம்யாஸ்ரீ திருதிருவென்று விழித்தாள். "அந்த ஆளு என்னைய எடுக்காதம்மான்னு சொல்லிட்டாரு. எங்கண்ணன்கிட்டயும் சொல்லிட்டாரு. அண்ணன் நிப்பாட்டிருச்சு. நானும் கேமராவக் கீழ, செங்கல் மேல வச்சுட்டேன். ஆனா ஸ்டாப் பண்ணல. டைம்கோடு உடைஞ்சா சார் கொன்னுருவாருல்ல?"

டைம்கோடு என்பது டேப்பில் கூடவே ஓடுகிற கணக்கு எண். அது நடுவில் அறுந்தால் கம்ப்யூட்டர் அந்த இடத்தோடு ஏற்றுவதை நிறுத்திவிடும். போன மாசம் ஒருவன் அப்படிக் கொண்டுவந்து சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வகுப்புக்கே தெரியும்.

"ஸ்டாப் பண்ணா உடையாதுடி, மக்கு" என்றாள் கனகா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "ரீவைண்ட் பண்ணிப் பாத்துட்டு இடைவெளி விட்டு எடுத்தாத்தான் உடையும்."

"அய்யோ, அது எனக்குத் தெரியாதே!"

தெரிந்திருந்தால் இந்தப் படமே இருந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து ரம்யாஸ்ரீயின் செல்போன் அதிர்ந்தது. அவள் அண்ணன். இருவரும் சௌராஷ்டிரத்தில் கடகடவென்று பேசிக்கொண்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் கனகாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பார்ட்டியம்மா ஸ்டுடியோவுல வந்து உக்காந்து அழுகுதாம்டி. அண்ணன் குடுத்த சிடியில தாய்மாமன் மடியில பிள்ளைய வச்சது இல்லையாம். அது இல்லாத சிடி எனக்கு எதுக்குங்குதாம். நாதியத்தவ, அண்ணன் தம்பி இல்லாதவன்னு புருஷன் வீட்டுல அத்தனை வருஷம் பேசுனாங்களாம். அவங்க முன்னால போட்டுக் காட்டணுமாம். ஒன் கேமராவுல விழுந்திருக்கான்னு அண்ணன் கேக்குது. என்ன சொல்ல?"

கனகா திரையைப் பார்த்தாள். டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் சொல்றேன்னு சொல்லு."

"ஏன்டி? இருக்கத்தான செய்யுது?"

"ரம்யா, அது எங்கப்பா."

ரம்யாஸ்ரீ போனை அணைத்துவிட்டாள். அண்ணனிடம் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கே.கே. நகரில் ஒரு கிளினிக் வாசலில், கம்பத்தடியில் ஏணியைச் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார் சின்னான். கூட வேலை பார்க்கும் உக்கிரபாண்டி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸில் விசாரித்துக்கொண்டு, வெயிலில் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்ற மகளைப் பார்த்ததும் சின்னானுக்குப் பதறிவிட்டது.

"என்ன தாயி? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. சீனியம்மா அத்தைக்குத்தான் என்னன்னு கேக்க வந்தேன்."

டீக் கிளாஸ் சாய்ந்து அவர் காக்கிக் காலில் கொட்டியது. சுடச்சுட டீ. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன். நீங்க உக்காந்திருந்தீங்க. மடியில பிள்ள இருந்துச்சு. எங்க காலேஜ் கம்ப்யூட்டர்ல ஓடுச்சு."

"என்னைய எடுக்காதன்னு சொன்னேனே அந்தப் புள்ளைட்ட..."

"அந்தப் புள்ளதான்ப்பா எங்கூடப் படிக்கிறா."

சின்னான் கம்பத்தடியிலேயே குந்திவிட்டார். உக்கிரபாண்டி ஒருமுறை இருவரையும் பார்த்தார். "நான் போயி அந்தப் பக்கத்து பீஸ் கட்டையப் பாத்துட்டு வாரேண்ணே" என்று தானாகவே விலகிப்போனார்.

"உயிரோட இருக்கிற மனுஷிய எதுக்குப்பா பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?"

"நான் சொல்லல. சின்னப் பிள்ளையில விக்ரமு கேட்டான், அத்தை எங்கன்னு. உங்கம்மா சொன்னா. நான் ஆமான்னேன்."

"ஏன்?"

அவர் டீ கொட்டிய இடத்தைக் கையால் துடைத்தார்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற சம்பந்தம் அது. ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம். உங்கம்மா எனக்கு. எந்தங்கச்சி உங்க சோணைமுத்து மாமனுக்கு. விடிஞ்சா முகூர்த்தம். பாத்தா சீனியக் காணோம். பழங்காநத்தத்துல ஒரு டெய்லர்ப் பையன் கூடப் போயிருச்சு."

கனகாவும் அவர் எதிரே குந்தினாள்.

"உங்க மாமன் மாலையும் கழுத்துமா ஒத்தையில மணையில உக்காந்திருந்தான். ஊரே பாக்குது. பக்கத்து மணையில உங்கம்மா. அவ எந்திரிச்சுப் போயிருக்கலாம் தாயி. எவனும் தப்புச் சொல்லிருக்க மாட்டான். போகல. என்னையப் பாத்து ஒரே ஒரு சத்தியம் கேட்டா. இன்னையோட ஒங்களுக்குத் தங்கச்சி கெடையாது, செத்துட்டா. சரின்னு சொன்னாக் கழுத்த நீட்டுறேன்னா. நான் சரின்னேன்."

கிளினிக்குள் யாரோ குழந்தைக்கு ஊசி போட்டார்கள். வீறிட்ட சத்தம் வெளியே வரை கேட்டது.

"இம்புட்டு வருசம் அந்தச் சத்தியத்தக் காப்பாத்துனேன். அவளுக்குப் பிள்ளையே இல்லாம இருந்து, இப்பப் பொறந்திருக்கு. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நம்ம ஆபீஸ் வாசல்லயே வந்து நின்னுட்டா. சீர் வேணாம், செனத்தி வேணாம், மடி மட்டும் குடுண்ணேன்னா. மடிய எப்படி இல்லைங்கிறது?"

கனகாவின் கை தன்னையறியாமல் காதுமடலைத் தொட்டது. அவளுக்குக் காது குத்தியது சோணைமுத்து மாமாவின் மடியில்.

"அறுத்துரு தாயி" என்றார் சின்னான். "நீ படிக்கிறதே அந்தப் படிப்புத்தான. அந்த எடத்த மட்டும் அறுத்துரு."

"அத்தை அந்த எடத்தத்தான்ப்பா கேக்குது. மத்ததெல்லாம் வேணாங்குது."

"தெரியும்."

"பெறகு?"

"பழங்காநத்தத்துல நாலு பேரு பாத்தா, நாளைக்குச் சமயநல்லூருக்கு வந்துரும். சத்தியத்த மீறுனவன்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அந்த வீட்ல எனக்குச் சோறு கெடைக்கும். பேச்சு கெடைக்காது. நீ அவளப் பாத்திருக்க. பேச மாட்டேன்னா பேச மாட்டா. சாகுற வரைக்கும் பேச மாட்டா." அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "இதுல இன்னொரு ஆளு வேற..."

"யாரு?"

"ஒண்ணுமில்ல. நீ போ. அறுத்துரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கனகாவுக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஒரு தங்கச்சியின் கண்ணீர் ஒரு பக்கம். அப்பா அம்மாவின் வாழ்க்கை இன்னொரு பக்கம். நடுவில் கத்தரிக்கோலோடு அவள். இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டாள்.

அப்பாவை நினைத்தாள். அறுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

லேப்பில் கூட்டம் குறைந்திருந்தது. "அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன்" என்றார் ராஜகுரு சார், யாரையும் பார்க்காமல்.

வெட்டுவதற்கு இரண்டு புள்ளி வைக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. படம் சாய்கிற இடத்தில் முதல் புள்ளியை வைத்தாள். அப்பா எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்று தெரிய வேண்டுமே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலே ஓடவிட்டாள். ரம்யாஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆசாரி ஊசியை இறக்கினார். பிள்ளை அலறியது. அப்பா அதன் வாயில் சர்க்கரையைப் போட்டார். ஜனங்கள் சாப்பாட்டுப் பக்கம் கலைந்தார்கள். பாயில் அப்பாவும் பிள்ளையும் மட்டும். பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அத்தை.

அப்போது படத்துக்குள் ஒரு வேட்டி வந்தது. வந்தவர் குனிந்து பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினார். பரந்த முகம். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி.

"மாமா!" என்று கனகா சத்தமாகவே கத்திவிட்டாள். ராஜகுரு சார் திரும்பிப் பார்த்தார்.

சோணைமுத்து மாமா. அம்மாவின் தம்பி. அன்றைக்கு மணையில் ஒற்றையாக உட்கார்ந்திருந்த அதே சோணைமுத்து.

"ஏ சீனி, பிள்ளையத் தா" என்றார் மாமா.

அத்தை தலையைத் தூக்கவே இல்லை.

"என்ன, நான் அடிக்கவா வந்தேன்? அன்னைக்கு நீ ஓடுனதுனாலதான் எனக்கு என் பொண்டாட்டி வாச்சா. நீ வந்திருந்தா தெனமும் காலையில உங்கண்ணன் மூஞ்சி மாதிரியே ஒரு மூஞ்சியில முழிச்சிருக்கணும். தப்பிச்சேன்ல?"

அப்பா அழுகையோடு சிரித்தார். "ஓடிரு மாப்ள" என்றார். அத்தையும் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் உண்மையான அழுகை வந்தது அவளுக்கு.

"மதினிக்குத் தெரியுமா?" என்றாள் அடங்கிய குரலில்.

மாமாவின் சிரிப்பு நின்றது.

"அக்காகிட்ட வேணாம்" என்றார். "மச்சான், நீங்களும் மூச்சு விட்றாதீங்க. எனக்காகத்தான் அது இம்புட்டு வருசமாப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நான் கோவத்த விட்டு எம்புட்டோ நாளாச்சுன்னு தெரிஞ்சா, அது எப்படித் தாங்கும்?"

கனகாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

பொங்கலுக்குப் பொங்கல் சோணைமுத்து மாமா வீட்டுக்கு வருவார். வரும்போதெல்லாம் அம்மா அவரைத் தனியாக உட்காரவைத்து, விசிறி, தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் போனபிறகு அடுப்படியில் மூக்கை உறிஞ்சுவாள். ஏன் என்று கனகாவுக்குப் புரிந்ததில்லை. தம்பிக்கு நேர்ந்த அநியாயத்தை அம்மா ஒருத்தி மட்டும் மறக்காமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் ரெண்டாவது புள்ளி வைக்கலையே" என்றாள் ரம்யாஸ்ரீ மெதுவாக.

கனகா முதலில் வைத்த புள்ளியையும் எடுத்துவிட்டாள்.

"என்னடி பண்ற?"

"அறுக்கல. ஒரு துண்டும் அறுக்கல. அத்தைக்குக் குடுக்கச் சொல்லி உங்கண்ணன்கிட்ட மடியில வச்சது வரைக்கும் ஒரு சிடி போட்டுக் குடு. எனக்கு முழுசா ஒண்ணு."

பாண்டியம்மாள் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விக்ரம் கடையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தான். கனகா பையைக்கூட வைக்காமல் டிவி முன்னால் போய் நின்றாள்.

"அம்மா. நான் படிக்கிறத நீ ஒரு தடவகூடப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாரு."

"பூண்டு யாரு உரிக்கிறது?"

"நான் உரிச்சுத் தாரேன். பாரு."

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாண்டியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "சரி போடு. எவன் வீட்டுக் காதுன்னு பாப்போம்."

சிடி ஓடியது. பாய் வந்தது. வெள்ளைச் சட்டை வந்தது. விக்ரம் "ஏய், அப்பா!" என்று எழுந்தேவிட்டான். பாண்டியம்மாள் அசையவில்லை. பிள்ளையை மடியில் வைத்த பெண் நிமிர்ந்தபோது மட்டும் அவள் மூக்கு விடைத்தது.

"சிறுக்கி" என்றாள். அவ்வளவுதான்.

வாசலில் வண்டி நின்றது. சின்னான் செருப்போடு உள்ளே காலை வைத்தவர், டிவியைப் பார்த்து அங்கேயே நின்றார். மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் படத்துக்குள் அந்த வேட்டி வந்தது.

பாண்டியம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். உரித்த பூண்டு முறத்தோடு சாய்ந்து நாலாபக்கமும் ஓடியது. தம்பி சிரிப்பதைப் பார்த்தாள். தப்பிச்சேன்ல என்று அவன் சொன்னதைக் கேட்டாள். அக்காகிட்ட வேணாம் என்றதையும் கேட்டாள்.

"நிப்பாட்டு" என்றாள்.

கனகா நிறுத்தினாள். பல் இடைவெளி தெரிய மாமா திரையில் உறைந்து நின்றார்.

"பாண்டி..." என்று சின்னான் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க." அவள் கணவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஏன்டி, இத நீ அறுத்திருக்கலாம்ல?"

"அப்பா அறுக்கத்தான் சொன்னாரு."

"ஏன் அறுக்கல?"

"எல்லாருக்கும் தெரியும்மா. ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. எனக்கு அது பொறுக்கல."

பாண்டியம்மாள் டிவிக்கு அருகே இரண்டு எட்டு வைத்தாள்.

"அவன் விட்டுட்டானா?" என்றாள் பாண்டியம்மாள், திரையைப் பார்த்து. "என்னைய ஒத்தையில காவலுக்கு நிறுத்திட்டு, அவன்பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டானா? அப்ப நான் இம்புட்டு வருசம் யாருக்காக..."

முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"விக்ரமு, சட்டையப் போடு. வண்டிய எடு."

"எங்கம்மா, அத்தை வீட்டுக்கா?"

"அவ வீட்டுக்கு நான் எதுக்குப் போறேன்? எந்தம்பி வீட்டுக்கு. அவன்கிட்ட நேருக்கு நேராக் கேக்கணும்."

"நானும் வாரேன்" என்றார் சின்னான்.

"ஒங்கள வந்து வச்சுக்கிறேன்."

விக்ரம் வண்டியை வாசலுக்கு உருட்டிவந்து உதைத்துக் கிளப்பினான். பாண்டியம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கனகாவும் சின்னானும் வாசற்படியில் நின்றார்கள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னவாம்?" என்றாள் பாண்டியம்மாள் திடீரென்று. யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாதபடி ரோட்டைப் பார்த்துக் கேட்டாள்.

சின்னான் மகளைப் பார்த்தார்.

"சொல்லுங்க. பேரில்லாத பிள்ளைக்கா காது குத்துனீங்க?"

"ஒம் பேருதான்" என்றார் சின்னான். "பாண்டியம்மான்னுதான் வச்சிருக்கா. வேற பேரு வைக்க மாட்டேன்னுட்டாளாம்."

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. விக்ரம் கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

"என்னம்மா, போகவா?"

பாண்டியம்மாள் போ என்று சொல்லவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை.